இரத்தக் கால்சியமும் இதய நோயும்

இரத்தக் கால்சியம் என்பது குருதியில் உள்ள சுண்ணாம்புச் சத்தின் அளவாகும். வளர்ந்தவர்களுக்கு 100 மில்லிலிட்டரில் ஏறத்தாழ 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை இருப்பது இயல்பு. உடலின் கால்சியத்தில் 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும் உள்ளது.

இதயத் தசை சுருங்கக் கால்சியம் தேவை. காய்ச்சி வடித்த நீரில் செய்த உப்புக் கரைசலில் தவளையின் இதயம் விரைவில் நின்றுவிடுவதையும், லண்டன் குழாய் நீரில் செய்த கரைசலில் தொடர்ந்து துடிப்பதையும் சிட்னி ரிங்கர் என்னும் ஆங்கிலேய மருத்துவர் கண்டார். குழாய் நீரிலிருந்த கால்சியமே காரணம் என 1883-இல் விளக்கினார்.

கால்சியம் மிகக் குறைந்தாலும் மிகக் கூடினாலும் இதயத்துடிப்பின் சீர் கெடலாம். 2017-இல் வெளியான ஆய்வொன்று, ஏறத்தாழ 1,84,000 பேரின் மரபணுத் தரவுகளை ஆராய்ந்தது. இரத்தக் கால்சியத்தைக் கூட்டும் மரபுக்கூறு உடையவர்களுக்கு இதயத் தமனி நோய் வரும் வாய்ப்பு அதிகம் என அது கண்டது.

அப்படியானால், தேனியிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் நாம் உண்ணும் கேழ்வரகுக் களியையும் முருங்கைக்கீரையையும் விட்டுவிட வேண்டுமா? வேண்டியதில்லை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருந்தாலும், அது அனைத்தும் இரத்தத்தில் தங்குவதில்லை. கழுத்திலுள்ள நான்கு பாராதைராய்டு சுரப்பிகளும், வைட்டமின் டி-யும், சிறுநீரகங்களும் அளவைச் சமன் செய்கின்றன.

ஆகவே பரிசோதனையில் கால்சியம் கூடியிருந்தால் உணவைக் குறை கூறாமல், சுரப்பிக் கோளாறா, மாத்திரையா, வேறு நோயா என மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளை மருத்துவர் சொல்லாமல் நாமாக வாங்கி உண்ணக் கூடாது.