சித்திரை மழையில் ஒரு கடற்கரைப் பயணம்

வன்னியில் எங்கள் வயதுப் பெண்கள் பயணம் போகாதவர்கள் அல்லர். 1997 இல் ஜயசிக்குறு நடவடிக்கை தொடங்கியபோது புளியங்குளத்திலிருந்து உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிப் போனோம். 2008, 2009 இல் கிளிநொச்சி, விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன் என்று தறப்பாளைச் சுருட்டிக்கொண்டு போனோம். ஆனால் போகும் நாளையும் திரும்பி வரும் நாளையும் நாங்களே குறித்துக்கொண்டு போன பயணம் எத்தனை பேருக்கு வாய்த்திருக்கிறது? எனக்கு அது 2024 சித்திரையில்தான் வாய்த்தது.

நான் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வான் ஓட்டுகிறேன். லீசிங்கில் எடுத்த பழைய டொல்பின் வான். விடுமுறை வந்தால் அது முற்றத்தில் சும்மா நிற்கும். ஜேர்மனியிலுள்ள மச்சாள், வானுக்குள் கட்டிலும் அடுப்பும் வைத்துக் குடும்பமாக ஊர் சுற்றும் படங்களை அனுப்பியிருந்தா. அங்கே 1950 களிலேயே வொக்ஸ்வாகன் வானுக்குள் இப்படிப் பொருத்தத் தொடங்கிவிட்டார்களாம். "எங்கடை வானுக்கு என்ன குறை?" என்று கேட்டேன். இவர் சிரித்துவிட்டு, பின் ஆசனங்களைக் கழற்றத் தொடங்கினார். வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லாதவர். ஆனாலும் ஆணி, பலகை வேலையில் என்னைப் பக்கத்தில் அண்டவிடமாட்டார்.

பானை, அரிசி, லாம்பு, தண்ணீர்க்கான், தறப்பாள் எல்லாம் ஏற்றிவிட்டுப் பார்த்தேன். இடம்பெயரும்போது கொண்டுபோன அதே சாமான்கள்தான். மேலதிகமாக ஒரு மெத்தையும் நுளம்பு வலையும்.

அயலவர் கேட்டபோது, "மாமியின்ரை திவசத்துக்குப் போறம்" என்றேன். அது பொய்யில்லை. 2009 சித்திரையில் வலைஞர்மடத்தில் பங்கருக்குப் பக்கத்து மணலில்தான் மாமியைப் புதைத்தோம். பதினைந்து வருடமாகத் திவசத்தை வீட்டிலேயே செய்து வந்தோம். ஆனாலும், புருசனோடு கடல் பார்க்கப் போகிறேன் என்று சொல்ல ஒரு பெண்ணுக்கு ஏன் சாட்டு வேண்டியிருக்கிறது என்பதை நான் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நெடுங்கேணிக் காட்டு வழியாக ஒட்டுசுட்டானுக்குப் போய், தான்தோன்றீஸ்வரருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு முல்லைத்தீவில் கடலைக் கண்டோம். பிறகு தெற்கே அளம்பில், செம்மலை, நாயாற்றுப் பாலம் என்று கொக்கிளாய் வரை. கரையோரம் மீன்வாடிகள். சூடை மீன் வாங்கி வான் கதவோரம் வைத்துப் பொரித்தேன். இரவில் செம்மலையில், மெனிக்பாமில் எங்களோடு இருந்த ஒரு அக்காவின் வளவுக்குள் வானை விட்டோம். எங்கேயும் தெருவோரத்தில் படுக்க வேண்டாம் சகோதரிகளே. தெரிந்தவர்கள் வளவென்றால் கிணறும் மலசலகூடமும் இருக்கும், பயமும் இல்லை. கண்ணிவெடி அடையாளம் போட்ட இடமென்றால் பாதையை விட்டு ஒரு அடியும் இறங்கக் கூடாது.

சித்திரை வானத்தை நம்ப முடியாது. மாரியின் வாடைக்காற்று ஓய்ந்து, சோளகம் இன்னும் எழும்பாத இடைக்காலம் அது. காலையில் கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடக்கும். வெயில் ஏற ஏற நிலம் சூடாகும், கடற்காற்று ஈரத்தை உள்ளே தள்ளும், பின்னேரம் காட்டுப் பக்கம் மேகம் மலைபோல் எழும்பி இடியோடு கொட்டும். அதனால் கரையில் செய்ய வேண்டியதை மத்தியானத்துக்கு முன்னர் முடித்துவிட வேண்டும். இடி கேட்டால் மரத்தின் கீழே ஒதுங்காமல் வானுக்குள் ஏறிக் கண்ணாடிகளைப் பூட்டிக்கொள்ளுங்கள். தகரக் கூடு மின்னலை வெளியாலேயே நிலத்துக்கு இறக்கிவிடும். மழை பெய்த கடல் மணல் இறுகிவிடும், டயர் லேசில் புதையாது. உள்ளூர்க் களிப்பாதைதான் வழுக்கும். ஐப்பசி முதல் மார்கழி வரை இந்தப் பயணத்தை நினைக்கவே வேண்டாம். 2020 மார்கழியில் புரெவிப் புயல் முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையில்தான் கரையேறியது.

இரண்டாம் நாள் பின்னேரம் வட்டுவாகல் பாலத்தடிக்கு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. முன்னால் ஒன்றும் தெரியவில்லை. ஓரமாக நிறுத்தினேன். 2009 வைகாசியில் இவரை ஒரு கதிரையில் வைத்துத் தூக்கிக்கொண்டு இந்தப் பாலத்தைக் கடந்தோம். அதற்குப் பிறகு இவர் இந்தப் பக்கம் வரவேயில்லை.

"இண்டைக்கு வேண்டாம் போலை கிடக்கு" என்றார்.

"சொல்லுங்கோ, இப்பவே திருப்புறன்" என்றேன். உண்மையாகவே திருப்பியிருப்பேன். அன்று எங்களுக்குத் திரும்புவதற்கு ஒரு பாதை இருக்கவில்லை. இப்போது எதிர்ப்பக்கம் வாகனம்கூட இல்லாமல் தெரு வெறுமையாகக் கிடந்தது.

அரை மணித்தியாலம் ஒன்றும் பேசாமல் இருந்தோம். பிளாஸ்க்கில் இருந்த தேத்தண்ணீரைக் குடித்து முடித்தார். மழை தூறலானது. நந்திக்கடல் பக்கம் வெளித்தது. "வானை எடும், போவம்" என்றார்.

வலைஞர்மடத்தில் இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அடையாளத்துக்கு வைத்த வடலி இல்லை, மணல் மேடும் இல்லை. எங்கும் அடம்பன் கொடி. இவர் பொய்க்காலை மணலில் ஊன்றி ஊன்றிக் கொஞ்சத் தூரம் நடந்தார். பிறகு ஒரு இடத்தில் நின்று, "இதிலையே வைப்பம்" என்றார். வாழையிலை விரித்துச் சோறும் மாமிக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பும் படைத்தோம். விளக்குத்தான் காற்றில் நிற்கவில்லை. மூன்று தரம் அணைந்தது. வானுக்குள் கொண்டுபோய், பின் கதவைத் திறந்து வைத்து, பலகைக் கட்டிலில் ஏற்றினேன். அங்கே நின்று எரிந்தது. அது எரிந்து முடியும் வரைக்கும் இவர் மாமியைப் பற்றிக் கதைத்தார். சாவைப் பற்றியல்ல. சின்ன வயதில் புளியங்குளத்தில் பாலை மரத்தில் ஏறி அடி வாங்கியதைப் பற்றி. இத்தனை வருடத்தில் அந்தக் கதையை நான் கேட்டதில்லை.

அன்றிரவு புதுக்குடியிருப்பில் உறவினர் வளவில் படுத்தோம். விடிய விடியத் தகரத்தில் மழை. இவர் குறட்டை விட்டுத் தூங்கினார்.

மறுநாள் பரந்தன் சந்தியால் ஏ9 வீதிக்கு ஏறி, முறிகண்டியில் பிள்ளையாரைக் கும்பிட்டுக் கச்சான் வாங்கினோம். ஆவணி விடுமுறை எத்தனை நாள் என்று இவர் கேட்டார். மன்னார்ப் பக்கம் போகலாமோ என்பது யோசனை. ஆவணியில் சோளகம் அடிக்கும், மேற்குக் கரை கொந்தளிக்கும், கிழக்குத்தான் அமைதியாக இருக்கும் என்றேன். அப்படியென்றால் திருகோணமலை.