ருபார்ப்: வேரில் சேர்த்துக் காம்பில் தரும் செடி

இங்கிலாந்தின் வீட்டுத் தோட்டங்களில் தடித்த சிவப்புக் காம்புகளும் அகன்ற இலைகளுமாகப் புதர் போல் வளர்வது ருபார்ப். நல்ல புளிப்புள்ள அதன் காம்பைச் சர்க்கரை சேர்த்து வேகவைத்து ஜாம் செய்வார்கள். இலையைத் தின்னவே கூடாது. அதில் ஆக்சாலிக் அமிலம் மிகுதி. முதல் உலகப் போர்க்காலத் தட்டுப்பாட்டில் பிரிட்டனில் அந்த இலையைக் கீரையாகச் சமைக்கச் சொன்னார்கள். அதனால் உயிரிழப்பே நேர்ந்தது.

நம் நாட்டு மருந்துக் கடைகளில் மலமிளக்கியாக விற்கும் ரேவல்சின்னி, இதே பேரினத்து இமயமலைச் செடியின் வேர்.

ருபார்ப் வளர்ப்பின் சூட்சுமமும் வேரில்தான் இருக்கிறது. கோடையில் இலைகள் சமைக்கும் உணவு, குதிரில் நெல் சேர்வது போல, மாவுச்சத்தாக வேரில் சேர்கிறது. குளிர்காலத்தில் இலைகள் மடிந்துவிடும். பல வாரக் குளிர் பட்ட பிறகே மொட்டுகள் விழிக்கும். வசந்தத்தில் அந்தச் சேமிப்பை எடுத்துத்தான் புதுக் காம்புகள் எழும்.

மொட்டுள்ள வேர்த்துண்டை, தொழுவுரம் கலந்த, நீர் தேங்காத மண்ணில் நட வேண்டும். மொட்டு மண்மட்டத்தில் இருக்கட்டும். ஆழப் புதைத்தால் அழுகும். செடிக்குச் செடி சுமார் 90 செ.மீ. இடைவெளி தேவை.

முதல் ஆண்டு ஒரு காம்பையும் தொடக்கூடாது. இரண்டாம் ஆண்டில் சில போதும். மூன்றாம் ஆண்டிலிருந்து தாராளமாகப் பறிக்கலாம். கத்தி வேண்டாம். காம்பின் அடியைப் பிடித்து லேசாகத் திருகி இழுத்தால் வெளிறிய அடிப்பகுதியோடு முழுதாகக் கழன்று வரும். ஒரே நேரத்தில் பாதிக்கு மேல் பறித்தால் செடி தளரும். ஜூன் முடிந்ததும் பறிப்பை நிறுத்திவிட வேண்டும். அடுத்த ஆண்டுக்கான உணவை மிச்ச இலைகள்தான் தேட வேண்டும். பூந்தண்டு கிளம்பினால் உடனே நீக்கிவிடுங்கள்.

யார்க்‌ஷயரின் வேக்ஃபீல்டு வட்டார விவசாயிகள் வேரின் இந்தச் சேமிப்பை வேறு விதமாகப் பயன்படுத்துகிறார்கள். இரண்டு ஆண்டுகள் பறிக்காமல் வளர்த்த செடியைக் குளிர் பட்டதும் வேரோடு தோண்டி, வெதுவெதுப்பான இருட்டுக் கொட்டகையில் வைக்கிறார்கள். வெளிச்சமே படாமல் மென்மையான இளஞ்சிவப்புக் காம்புகள் விரைந்து வளர்கின்றன. மொட்டு விரியும் ஓசைகூடக் காதில் விழும். அறுவடை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நடக்கிறது. 2010இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்த விளைச்சலின் பெயருக்குப் பாதுகாப்பு வழங்கியது. இருப்பு தீர்ந்த வேர்கள் அத்தோடு கழிக்கப்படுகின்றன.

வீட்டுச் செடிக்கு அந்த நிலை வர வேண்டியதில்லை. முதல் ஆண்டு ஆசையை அடக்குங்கள். ஒருமுறை நட்ட செடி பத்தாண்டு வரை காம்பு தரும்.