மழைமாத வாத்தும் பூஞ்சணம் பிடித்த தவிடும்

நேற்று மாலை பீலியடியில் சேறு கிளறித் திரிந்த வாத்து, விடிகாலையில் கூட்டு மூலையில் கழுத்தைத் தொங்கவிட்டுக் கிடக்கும். பிள்ளைகள் பெயர் வைத்து வளர்த்ததென்றால் வீடே கலங்கிப்போகும். "குளிர் பிடிச்சிருச்சு" என்று சொல்லி அடுப்பங்கரையில் வைத்துவிட்டுக் கொழுந்துக்குப் போகிறோம். ஆனால் நம் றக்வானையில் உறைபனி விழுவதில்லை. இறகில் எண்ணெய்ப்பசை உள்ள வளர்ந்த வாத்தை மார்கழிக் குளிர் அவ்வளவு எளிதில் வீழ்த்தாது. வீழ்த்துவது ஈரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்து காயாமல் கிடக்கும் தீனியும் படுக்கையும் தேங்கிய தண்ணீரும்தான் மார்கழி, தை வரை நோயை இழுத்து வருகின்றன.

முதல் ஒரு மணி நேரம்

பறவை தன் நோவை இயன்றவரை மறைக்கும். நம் கண்ணுக்குத் திடீரென்று தெரிவது, பெரும்பாலும் முந்தின நாளே தொடங்கியதாக இருக்கும். அதனால் "நாளைக்குப் பார்ப்போம்" என்ற பேச்சே வேண்டாம்.

முதலில் மற்ற வாத்துகளிடமிருந்து பிரியுங்கள். அட்டைப்பெட்டியில் காய்ந்த சாக்கை விரித்து, காற்று நேராக அடிக்காத இடத்தில் வையுங்கள். சுடுநீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி ஒரு பக்கம் மட்டும் வைத்தால் போதும். சீனி கரைத்த தண்ணீரில் அலகின் நுனியை நனைத்துவிடுங்கள், தானாகக் குடிக்கட்டும். வாயைத் திறந்து ஊற்றினால் தண்ணீர் மூச்சுக்குழாயில் இறங்கிப் பிழைக்க வேண்டிய உயிரும் போய்விடும். பனடோலும், வீட்டில் மிச்சமிருக்கும் நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையும் வேண்டவே வேண்டாம்.

எச்சத்தின் நிறம், கழுத்தைத் தூக்குகிறதா, காலை ஊன்றுகிறதா, நேற்று எங்கே மேய்ந்தது, என்ன தின்றது என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கைபேசியில் சிறு காணொளி எடுத்து அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் காட்டினால் வைத்தியருக்குப் பாதி வேலை குறையும்.

கழுத்து துவண்டால்

காலும் கழுத்தும் துவண்டு, கண் மட்டும் விழித்திருந்தால் பொட்டுலிசம் என்ற நச்சுப்பாதிப்பைச் சந்தேகிக்க வேண்டும். செத்த எலி, மீன், அழுகிய இலைதழை கிடக்கும் தேங்குநீரில் ஒருவகைப் பாக்டீரியா இந்த நச்சை உண்டாக்குகிறது. பிணத்தில் நெளியும் புழுவிலும் அது சேர்ந்திருக்கும். வாத்துக்கோ புழு என்றால் உயிர். இரத்தினபுரி மாவட்டத்தில் கைவிட்ட மாணிக்கக் குழிகளுக்குக் குறைவில்லை. மழைக்குப் பின் வெயில் ஏறும் நாட்களில் அந்தக் குழிநீரில் வாத்தை இறங்க விடாதீர்கள். துவண்ட வாத்துக்குத் தலை நிற்காது. ஆழமில்லாத தண்ணீரிலும் மூக்கு அமிழ்ந்து மூச்சு முட்டிவிடும். தலையைத் துணிச்சுருளில் தூக்கி வையுங்கள். நச்சு கொஞ்சமாக ஏறியிருந்தால் சில நாள் பராமரிப்பில் எழுந்து நடக்கும் வாத்துகளும் உண்டு.

தீனி மூட்டையை மோந்து பாருங்கள்

எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். 1960இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. வாத்துக் குஞ்சுகளும் தப்பவில்லை. தேடிப் பார்த்தபோது காரணம் தீவனத்தில் கலந்த கடலைப் புண்ணாக்கு. அதில் வளர்ந்த பூஞ்சணம் அஃப்ளடொக்சின் என்ற நச்சைச் சுரந்திருந்தது. அது ஈரலைத் தின்னும். கோழி தாங்கும் அளவைக்கூட வாத்துக் குஞ்சு தாங்காது.

நம் வீடுகளில் தேங்காய்ப் புண்ணாக்கும் சோளமும் தவிடும் இஸ்தோப்பு மூலையில், மண்தரையில், மழைச்சாரல் படக் கிடக்கின்றன. கட்டி பிடித்தாலோ பூஞ்சண வாடை அடித்தாலோ அந்த மூட்டையை முழுதாகக் கழித்துவிடுங்கள். வெயிலில் காயவைத்தாலும் அவித்தாலும் அந்த நச்சு போய்விடாது. சிறிது சிறிதாக வாங்கி, பலகைமேல், மூடியுள்ள வாளியில் வையுங்கள். சிந்திய தீனிக்கு எலி வரும். எலியின் சிறுநீரோடு எலிக்காய்ச்சல் வரும். இரத்தினபுரி அந்தக் காய்ச்சல் அதிகமுள்ள மாவட்டம். காலில் புண்ணோடு கூட்டுச் சேற்றில் இறங்க வேண்டாம்.

மழைமாதக் கூடு

தண்ணீர்ச் சட்டியைக் கூட்டுக்கு வெளியே, சரளைக்கல் பரப்பின்மேல் வையுங்கள். கண்ணும் மூக்கும் கழுவும் ஆழம் அதற்கு வேண்டும். உள்ளே காய்ந்த மரத்தூளோ உமியோ போட்டு, நனைந்ததை அன்றன்றே அள்ளுங்கள். பூஞ்சணம் பிடித்த வைக்கோல் நுரையீரலைக் கெடுக்கும், வாத்து வாயைத் திறந்து மூச்சு வாங்கும். சாரல் வரும் பக்கம் படங்கு கட்டலாம், ஆனால் கூரையோரம் காற்றுப் போக இடம் விடுங்கள். கோழியை அடைவைத்துப் பொரித்த வாத்துக் குஞ்சுகளை முதல் சில வாரம் மழையில் விடாதீர்கள். அவற்றின் மென்மயிர் நனைந்து ஊறிவிடும், இவற்றுக்குத்தான் குளிர் உண்மையான எமன்.

பல சேர்ந்து செத்தால்

2014 நவம்பரில் கேரளத்தின் ஆலப்புழையில் வாத்துகள் கூட்டமாகச் செத்தபோது பறவைக் காய்ச்சல் உறுதியானது. 2021 ஜனவரியில் அங்கே மீண்டும் வந்தது. வலசைப் பறவைகள் வரும் மாதங்கள் இவை. நோய் தெரியாமலே வைரசைச் சுமக்கும் வாத்துகளும் உண்டு. அதனால் ஒரே நாளில் இரண்டு மூன்று செத்தால் உடனே கால்நடை வைத்திய அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். பிணப் பரிசோதனை தேவையென்றால் உடலை ஐஸ் போட்ட பெட்டியில் குளிர்வித்துக் கொடுக்க வேண்டும், உறையவைக்கக் கூடாது. கன்னொறுவையில் உள்ள கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் வரை மாதிரி அனுப்ப அவர்களுக்கு வழியுண்டு.

செத்ததைக் கறியாக்க வேண்டாம், கானில் வீசவும் வேண்டாம். கீழ் லயத்துக்காரர் குளிக்கும் தண்ணீர் அது. நாய் தோண்டாத ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். பிழைத்த வாத்துக்கு மருந்து கொடுத்திருந்தால், அதன் முட்டையை எத்தனை நாள் கழித்துச் சாப்பிடலாம் என்று அதே வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.