இழுப்பது பெரிதல்ல, நிறுத்துவதே பெரிது
கைவண்டியோ கேரவனோ, பாரத்தின் விதி ஒன்றுதான்

காலை நேரத் தாராவி. 90 அடி சாலையில் ஆட்டோக்களுக்கும் டெம்போக்களுக்கும் நடுவே ஊர்கிறது ஒரு கைவண்டி. ஆளுயரத்துக்கு மேல் பழைய பிளாஸ்டிக் மூட்டைகள். முன்னால் ஒருவர் இழுக்க, பின்னால் ஒருவர் தள்ளுகிறார். வண்டிக்கு இரண்டே சக்கரங்கள். எஞ்சின் இல்லை, பிரேக்கும் இல்லை. இழுப்பவரின் குதிகால்தான் பிரேக்.

மூட்டை ஏற்றும்போதே ஆபத்து முடிவாகிவிடுகிறது. பாரம் பின்பக்கம் போனால் கைப்பிடிச் சட்டம் மேலே எழும்பி ஆளையே தூக்கிவிடும். முன்பக்கம் அதிகமானால் தோளும் இடுப்பும் தாங்காது. அச்சுக்குச் சற்று முன்னால் எடை நிற்க வேண்டும்.

சினிமா நட்சத்திரங்களால் நமக்கு அறிமுகமான கேரவனுக்கும் இதே கணக்குதான். மேலைநாடுகளில் குடும்பத்தோடு ஊர் சுற்றுபவர்கள் கேரவனுக்குப் பின்னால் டிரெய்லரில் படகையோ காரையோ ஏற்றிச் செல்கிறார்கள். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இணைப்புக் கொக்கியின் மீது அழுந்த வேண்டும் என்பது அமெரிக்க வழக்கம். குறைந்தால், வேகம் கூடியதும் டிரெய்லர் பாம்பின் வாலைப் போல ஆடத் தொடங்கும். அப்போது ஸ்டீயரிங்கை வெட்டித் திருப்புவதும் பிரேக்கை ஓங்கி மிதிப்பதும் வண்டியைக் கவிழ்த்துவிடக்கூடும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானே தணிய விடுவதே வழி.

எடை மட்டுமல்ல, உயரமும் கணக்கில் சேரும். மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் ரயில் பாலத்தின் அடியில் உயரமான லாரிகள் சிக்கிக்கொண்ட சம்பவங்கள் பல.

செம்பூரை அடுத்த மாஹுல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளிலிருந்து கிளம்பும் டேங்கர்களின் பிரச்னை வேறு. உள்ளே இருப்பது திரவம். பிரேக் போட்டால் அது முன்னால் பாய்ந்து வண்டியைத் தள்ளும். பாதி நிரம்பிய டேங்கில் அலைவதற்கு இடம் அதிகம். அதனால்தான் டேங்கருக்குள் அறைகளும் தடுப்புத் தகடுகளும் வைக்கிறார்கள்.

வேகம் இரு மடங்கானால், நிறுத்தும்போது பிரேக் தாங்க வேண்டிய சக்தி நான்கு மடங்கு. புனேயிலிருந்து மும்பைக்கு இறங்கும் போர்காட் சரிவில் பிரேக் சூடேறிச் செயலிழந்து நேர்ந்த விபத்துகள் கொஞ்சநஞ்சமல்ல. டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குவது இதற்கு ஒரு காரணம். ஏறும்போது போடும் சிறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது பழைய டிரைவர்களின் பாடம்.

அதிக பாரம் ஏற்றும் லாரிக்கு, 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி ரூ.20,000 அபராதம், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் ரூ.2,000. கைவண்டிக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. நடைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவருக்கு இன்னும் இரண்டு மூட்டை ஏற்றத்தான் தோன்றும். அதற்கான விலையை அவரது முழங்கால் கொடுக்கிறது.

சாலை இறக்கத்தில் திரும்புகிறது. பின்னால் தள்ளிக்கொண்டிருந்தவர் இப்போது வண்டியைத் தன் பக்கம் இழுத்துப் பிடிக்கிறார். முன்னால் இருப்பவர் உடலைப் பின்னுக்குச் சாய்த்து, குதிகாலை ஊன்றி, அடி அடியாக இறங்குகிறார்.