ஒரு கேமராவுக்கு எவ்வளவு?

மும்பைக்குப் பக்கத்தில் இருக்கும் உல்லாஸ்நகருக்கு அடிக்கல் நாட்டியவர் நம்ம ராஜாஜி. கவர்னர் ஜெனரலாக இருந்தபோது, 1949 ஆகஸ்ட் 8 அன்று. சிந்தி அகதிகளின் முகாமாகத் தொடங்கிய இடம் இன்றைக்கு ஒரு மாநகராட்சி. பரப்பு சுமார் 13 சதுர கிலோமீட்டர், 2011 கணக்கெடுப்பில் ஜனத்தொகை 5,06,098. இவ்வளவு நெரிசலான ஊருக்குத் தெருத்தெருவாகக் கேமரா போட்டால் என்ன ஆகும்? நாமே கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

விலைக்கு முதலில் மும்பை. 2008 நவம்பர் தாக்குதலுக்குப் பின் அதை விசாரித்த ராம் பிரதான் குழு கேமரா வேண்டும் என்றது. டெண்டர்கள் இழுபறியாகி, கடைசியில் 2015இல் எல் அண்ட் டி நிறுவனத்துக்கு 949 கோடி ரூபாய்க்கு வேலை போனது. 2016 அக்டோபரில் திட்டம் முழுமையானபோது 1,510 இடங்களில் 4,717 கேமராக்கள். வகுத்தால் ஒன்றுக்கு 20.1 லட்சம்! டெல்லி அரசு 2018இல் 1.4 லட்சம் கேமராக்களுக்கு ஒதுக்கியது 571.4 கோடி, அதாவது ஒன்றுக்கு 40,800 ரூபாய். ஏறக்குறைய ஐம்பது மடங்கு வித்தியாசம். மும்பைத் தொகையில் ஃபைபர் கேபிள், கட்டுப்பாட்டு அறை, வண்டி நம்பரைப் படிக்கும் மென்பொருள் எல்லாம் அடங்கும். கண்ணாடிக் குமிழுக்கு ஆகும் காசு அதில் சில்லறை.

சென்னை வழி வேறு. 2017இல் போலீஸ் கமிஷனர் ஏ.கே.விஸ்வநாதன் 'மூன்றாவது கண்' என்று தொடங்கியபோது, ஐம்பது மீட்டருக்கு ஒன்று என்பது இலக்கு. பணத்தில் பெரும்பங்கு கடைக்காரர்கள், குடியிருப்போர் தலையில். 2020இல் சர்ஃப்ஷார்க் நிறுவனம் எடுத்த கணக்கில், சதுர கிலோமீட்டருக்கு 657 கேமராவோடு சென்னைக்கே உலகில் முதலிடம்.

அதே அடர்த்தி உல்லாஸ்நகருக்கு வந்தால் 8,541 கேமரா. டெல்லி விலையில் 35 கோடி, தலைக்கு 690 ரூபாய். மும்பை விலையில் 1,718 கோடி, தலைக்கு 33,900. இதற்கு மேல் மாநகராட்சிக் கூட்டத்தில் என்ன பேசுவார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

வாங்கிய பிறகுதான் செலவே. நொடிக்கு 4 மெகாபிட் என்று வைத்தால் ஒரு கேமரா நாளுக்கு 43 ஜிபி எழுதும், 30 நாளுக்கு 1.3 டெராபைட். ஊர் முழுக்க 11,000 டெராபைட். (காவல் நிலையங்களுக்குள் 18 மாதப் பதிவு இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் சொன்னது. அது தனிக் கதை.) யார் பார்ப்பது? ஓர் ஆளுக்கு 16 திரை என்றால் ஷிப்டுக்கு 534 பேர், மூன்று ஷிப்டுக்கு 1,602. இத்தனைக்கும், பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2019ஆம் ஆண்டுத் தொகுப்பில், கேமராவால் குற்றம் குறைந்தது சராசரியாக 13 சதவீதம். அதிகம் குறைந்தது வண்டி நிறுத்துமிடங்களில்.

பராமரிப்பு வேறு. போன மழைக்காலத்தில் ஒரு ஜீன்ஸ் கடை வாசலில் நின்றேன். அங்கிருந்த கேமராவில் இரவில் எரியும் சிவப்பு விளக்குக்குப் பூச்சி வர, பூச்சிக்குச் சிலந்தி வந்து, லென்ஸ் முழுக்க வலை. கல்லாவுக்குக் கீழே, சாமி படத்துக்குப் பக்கத்தில் பதிவுப் பெட்டி. திரையில் ஒரு வெள்ளை மூட்டம், நடுவில் எட்டுக் கால். கடைப் பையன் ஏணி போட்டு, துடைப்பத்தில் துணி சுற்றித் துடைத்தான். ஒருவர் நாளுக்கு 30 கேமரா துடைத்தால், மாதம் ஒரு சுற்று வர 8,541க்கு 10 ஆள் வேண்டும். ஏணியும் அதே எண்ணிக்கை.