செய்மதி ஏற்பியும் மாற்று நிலைபொருளும்

செய்மதி ஒளிபரப்பை ஏற்றுத் தொலைக்காட்சித் திரைக்கு அளிக்கும் பெட்டியை வானொலிப் பெட்டி போன்றதொரு கருவி என எண்ணுவோர் பலர். உண்மையில் அஃது ஒரு கணனியேயாம். மின் நீங்கினும் அழியாத பிளாஷ் நினைவகம் அதனுள் உண்டு. அந்நினைவகத்திற் பதிக்கப்பட்டுப் பெட்டியை இயக்கும் மென்பொருளே நிலைபொருள் எனப்படும். உறுப்பு எதனையும் மாற்றாது இதனை மட்டும் மாற்றின், பழைய பெட்டி புதிய இயல்பு பெறும்.

இம்முயற்சி வேரூன்றிய இடங்களுள் யேர்மனி தலையாயது. அந்நாட்டுக் கிர்ச் குழுமத்தின் கட்டணத் தொலைக்காட்சிக்கென நொக்கியா, சாஜெம், பிலிப்ஸ் ஆகிய நிறுவனங்கள் டி-பாக்ஸ் 2 என்னும் பெட்டியைச் செய்தன. அதன் பீட்டாநோவா என்னும் மென்பொருள் மந்த நடையினது. நினைவகமோ பிறர் எழுத இடந்தராது பூட்டப்பட்டிருந்தது. ஆர்வலர் சிலர் பெட்டியைத் திறந்து, அது துவங்கும் கணத்தில் நினைவகத்தின் குறித்த முனைகளை இணைத்துப் பூட்டை நீக்கினர். பின் லினக்ஸைப் பதித்தனர். டக்ஸ்பாக்ஸ் என்னும் பெயரால் அப்பணி வளர்ந்தது. வெறும் 8 மெகாபைட் இடத்தில் முழு இயங்குதளத்தையும் அடக்கிய திறம் வியக்கத்தக்கது. 2002ஆம் ஆண்டு கிர்ச் குழுமம் நொடித்தபோதும் அப்பெட்டிகள் ஓயவில்லை. டிரீம் மல்ரிமீடியா என்னும் யேர்மன் நிறுவனம் தொடக்கத்திலேயே லினக்ஸைக் கொண்டு டிரீம்பாக்ஸை வெளியிட்டது. அதற்குக் கம்பியும் வேண்டியதில்லை, பூட்டுடைப்பும் வேண்டியதில்லை.

இன்று ஓப்பன் பிஎல்ஐ முதலிய குழுவினர் ஆக்கும் நிலைபொருள்கள் எனிக்மா 2 என்னும் இடைமுகத்தை அடிப்படையாகக் கொண்டவை. வியூ பிளஸ் பெட்டிகளில் அதனைப் பதிக்கும் முறை எளிது. பெட்டியின் மாதிரிக்கே உரிய கோப்பை இறக்கி விரித்து, ஃபேட் 32 முறையில் ஒழுங்குசெய்த யூஎஸ்பி கோலில், நிறுவனம் குறித்த பெயருடைய உறையுள் இடல் வேண்டும். பெட்டியை முற்றாக நிறுத்திக் கோலைச் செருகி மீண்டும் மின் கொடுத்தால், துவக்கி என்னும் சிறு நிரல் கோப்பைக் கண்டு, பழையதை அழித்துப் புதியதை எழுதும். முன்னரே அலைவரிசைப் பட்டியலையும் அமைப்புகளையும் பிரதி எடுத்து வைத்தல் இன்றியமையாதது.

எழுதும்போது மின் தடைப்படின் பலர் அஞ்சுவர். துவக்கி பழுதுறாதவரை அவ்வச்சம் வேண்டா, மீண்டும் எழுதலாம். துவக்கியே அழிந்தாலோ பெட்டி வெறும் இரும்பாகும். பிற மாதிரிக்குரிய கோப்பை இடுவதே பெருங்கேடு.

இத்துணை உரிமையும் லினக்ஸ் கருவின் உரிமத்தினின்று பிறந்ததாகும். அக்கருவைப் பெட்டியிலிட்டு விற்போர் அதன் மூலநிரலையும் அளிக்கக் கடமைப்பட்டவர். ஆயினும் அலைகளை இசைவிக்கும் உறுப்புக்கும் படத்தை விரிக்கும் உறுப்புக்கும் உரிய இயக்கி நிரல்களை நிறுவனங்கள் பெரும்பாலும் மூடியே வைத்துள்ளன. அவற்றை வெளியிடுவதை நிறுவனம் நிறுத்தின், குழுவினர் எத்துணை வல்லவராயினும் பழைய கருவோடு கட்டுண்டு நிற்பர். விலை கொடுத்து வாங்கியவன் பெட்டிக்கு முழுவதும் உடையவன் ஆகாமை இங்குத்தான் புலப்படுகின்றது. இதனைக் கட்டணம் செலுத்தாது ஒளிபரப்பைக் காணும் களவோடு சேர்த்தெண்ணுதல் தவறு; அது வேறு, இது வேறு.