ஃபார்மட் போடும் முன் காப்பி

ஆன் செய்தால் பத்து நிமிடம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஏதோ ஒரு ஃபோல்டரைத் திறந்தால் மட்டும் அப்படியே நின்றுவிடுகிறது. இந்த லேப்டாப்பை அம்பத்தூர் ஓ.டி. பக்கமோ ஆவடி மார்க்கெட் பக்கமோ சர்வீஸ் கடைக்கு எடுத்துப் போனால் பெரும்பாலும் வரும் பதில்: "விண்டோஸ் போயிடுச்சு சார், ஃபார்மட் போட்டு ஏத்திடலாம்." கோளாறு விண்டோஸில் என்றால் சரி. ஹார்ட் டிஸ்க்கில் என்றால், அந்த வேலையிலேயே டிஸ்க் முழுதாகப் படுத்துவிடலாம். மிச்சம் இருந்ததும் அதோடு போகும்.

இந்தப் பக்கத்து வீடுகளிலும் பட்டறைகளிலும் சுழலும் டிஸ்க் உள்ள பழைய லேப்டாப்புகளுக்குக் குறைவில்லை. அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டமே 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில்தான் தொடங்கியது. எல்காட் மூலம் வாங்கிய முதல் வருட மாடல்களில் இருந்தது 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். லேப்டாப்பில் வரும் இந்த வகை டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று, அதாவது வினாடிக்கு 90 சுற்று சுற்றும். தட்டுக்கும் அதன் மேல் மிதக்கும் ஹெட்டுக்கும் நடுவே சில நானோமீட்டர்தான் இடைவெளி. கண்ணுக்குத் தெரியாத தூசுகூட அதைவிடப் பல மடங்கு பெரிது. ஆகவே மூடியைக் கழற்றிப் பார்க்கும் ஆசை வேண்டாம். பவர் பிரஸ் ஓடும் ஷெட்டில், அதே அதிர்வு வாங்கும் மேசையில் லேப்டாப்பை வைத்து பில் போடுவதும் டிஸ்க்குக்கு நல்லதில்லை. அதிர்வில் ஹெட் தடம் விலகும், ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டிவரும்.

முதலில் காதை வைத்துக் கேளுங்கள். ஒரே தாளத்தில் "டிக்... டிக்" என்றோ, உரசுவது போலவோ சத்தம் வந்தால் உடனே ஆஃப் செய்துவிட வேண்டியதுதான். அது சாஃப்ட்வேரால் தீரும் விஷயமில்லை. உள்ளே இருப்பது அவசியம் வேண்டும் என்றால் தூசியில்லா அறை வைத்திருக்கும் டேட்டா ரெக்கவரி நிறுவனத்திடம்தான் போக வேண்டும். செலவு புது லேப்டாப் விலையைத் தொடலாம். ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் ஓடும் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சென்னைக் காற்றின் ஈரத்துக்கு, வெளியே எடுத்ததுமே டிஸ்க்கில் நீர் பூக்கும். கேட்காதீர்கள்.

சத்தம் இல்லை, மெதுவாகத்தான் இருக்கிறது என்றால், பரிசோதனை பிறகு. முதல் வேலை காப்பி. சாகப்போகும் டிஸ்க்குக்கு இன்னும் எத்தனை மணி நேரம் ஓட்டம் மிச்சம் என்று யாராலும் சொல்ல முடியாது. இருக்கிற நேரத்தை ஸ்கேன் பண்ணியே கரைத்துவிட்டுக் காப்பிக்கு வந்தால் டிஸ்க் இருக்காது. செக்டிஸ்க்கை ரிப்பேர் முறையில் ஓட்டச் சொல்வார்கள். அது டிஸ்க்கின் மூலை முடுக்கெல்லாம் படிக்கும். சிதைந்த ஃபைல்களைச் "சரிசெய்கிறேன்" என்று வெட்டியும் விடும். காப்பி முடியும் வரை அதைத் தொட வேண்டாம்.

எதை முதலில் எடுப்பது? சினிமாவும் பாட்டும் கடைசியில். டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், போட்டோ என்று எல்லோரும் எடுத்துவிடுவார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டின் சிறு பட்டறைகள் கோட்டைவிடுவது டேலி கணக்கு மென்பொருளில். அதன் டேட்டா டெஸ்க்டாப்பில் இருக்காது. டேலி பிரைம் என்றால் வழக்கமாக சி டிரைவில் யூசர்ஸ், அதற்குள் பப்ளிக், அதற்குள் டேலி பெயரில் உள்ள ஃபோல்டரில் டேட்டா என்று இருக்கும். இடத்தை மாற்றி வைத்திருந்தால், கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் திரையிலேயே பாத் தெரியும். பூந்தமல்லியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடை என்றால் கோரல்டிரா ஃபைல்களோடு ஃபான்ட்டுகளையும் சேர்த்து எடுக்க வேண்டும். மொத்தமாக இழுத்துப் போடாமல் சின்னச் சின்ன ஃபோல்டராக எடுங்கள். ஒன்று சிக்கி நின்றால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விட வேண்டும்.

விண்டோஸே ஏறவில்லையா? லினக்ஸ் உள்ள பென் டிரைவில் பூட் செய்யலாம். அல்லது டிஸ்க்கைக் கழற்றி யூஎஸ்பி–சாட்டா கேபிளில் வேறு கம்ப்யூட்டரில் மாட்டலாம். மாட்டியதும் "ஃபார்மட் செய்யவா?" என்று விண்டோஸ் கேட்டால் கேன்சல். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்று ஓர் இலவசக் கருவி உண்டு. சுலபமாகப் படிக்கும் பகுதிகளை முதலில் அள்ளி, அடம்பிடிக்கும் இடங்களைக் கடைசிக்கு ஒதுக்கும். எதுவரை முடிந்தது என்பதைத் தனி ஃபைலில் குறித்துக்கொள்வதால், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். தெரிந்த கடைக்காரரிடம் "டிடிரெஸ்க்யூ போட்டு இமேஜ் எடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். அவர் விழித்தால் வேறு கடை பார்ப்பது நல்லது.

காப்பி கையில் வந்தபின் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து பாருங்கள். மூன்று வரிசைகள் போதும்: 05 என்பது கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டார்கள், சி5 என்பது சந்தேகத்தில் நிற்பவை, சி6 என்பது படிக்கவே முடியாதவை. எண்கள் ஹெக்ஸாடெசிமலில் வருவதைப் பார்த்து மிரள வேண்டாம். எல்லாம் பூஜ்யமா இல்லையா என்பதுதான் கேள்வி. சி7 மட்டும் ஏறினால் டிஸ்க்கைவிட கேபிள் மீதும் கனெக்டர் மீதும்தான் சந்தேகப்பட வேண்டும். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில், சிஸ்டம் பகுதியில் டிஸ்க் பெயரில் 7 அல்லது 153 என்ற எண் அடிக்கடி வந்திருந்தால் அதுவும் சாட்சி. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் என்று காட்டுவது மட்டும் சாட்சி ஆகாது. விண்டோஸ் அப்டேட்டும் அப்படிக் காட்டும்.

எல்லாமே பூஜ்யம் என்றால் நிம்மதியாக இருக்கலாமா? கூகுள் பொறியாளர்கள் தங்கள் நிறுவனத்தின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். செத்த டிஸ்க்குகளில் 56 சதவீதத்துக்கும் மேல், முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே போயிருந்தன. ஆனால் ஸ்கேனில் முதல் பிழை வந்த டிஸ்க், அடுத்த 60 நாளில் சாகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு. அதாவது கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ சிவப்பில் ஆபத்து என்று காட்டினால் நம்பலாம், நீலத்தில் நலம் என்று காட்டினால் நம்ப முடியாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. அப்படி நனைந்த டிஸ்க்குக்குக் கணக்கு வேறு. ஹேர் டிரையர், வெயில், அரிசி டப்பா எதுவும் கூடாது. காய்ந்தால் சேறு தட்டில் ஒட்டிக்கொள்ளும். கரண்ட் கொடுத்துப் பார்க்காமல் ஈரத்தோடே பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டி ரெக்கவரிக்காரரிடம் கொடுக்க வேண்டும்.

புதிதாகப் போடுவது 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி என்றால் பெரும்பாலான பழைய லேப்டாப்புகளில் அதே இடத்தில் உட்காரும். அந்த அரசு லேப்டாப்கூடப் பறக்கும். ஒன்று மட்டும்: எஸ்எஸ்டி டிக் டிக் என்று முன்கூட்டிச் சொல்லாது. நேற்று ஓடியது, இன்று பயாஸிலேயே காணோம் என்று போகும். வாரண்டியில் வேறு டிஸ்க் தருவார்கள், பழையதைத் திருப்பித் தர மாட்டார்கள், டேட்டாவுக்கு வாரண்டி கிடையாது. வாரக் கடைசியில் டேலி பேக்கப்பை எடுத்து வைக்க 32 ஜிபி பென் டிரைவே தாராளம்.